காப்பகம் என்றால் எந்தக் காப்பகம்?

1. ஆபீஸ் பூட்டும் நேரம்

“என் புள்ளைய வாங்கி வெச்சிக்கினு குடுக்க மாட்றாங்க மேடம்!”

இப்படிக் கத்திக்கொண்டேதான் செல்வி எங்கள் ஆபீஸுக்குள் நுழைந்தாள். நான் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றேன். கே.கே. நகர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்பதுதான் அப்போது என் கவலை. அவளோ தலையிலிருந்து சும்மாட்டைக்கூட எடுக்காமல், காலி மீன் கூடையை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

எங்கள் ஆபீஸ் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. ‘குடும்ப உதவி மையம்’ என்று போர்டு. பணம் கொடுக்கிற இடம் இல்லை, வழி சொல்கிற இடம். பக்கத்து அங்கன்வாடி எது, உதவித்தொகைக்கு எங்கே மனுப் போடுவது, தனியாகக் குழந்தை வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற ஸ்பான்சர்ஷிப் எப்படிக் கிடைக்கும், இதையெல்லாம் விசாரித்து ஆளைச் சரியான இடத்துக்கு அனுப்புவோம். எங்கள் பாஷையில் அதற்கு ரெஃபரல் என்று பெயர். அங்கே கவுன்சலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனாலும் செல்வியின் கேஸ்தான் எனக்கு முதலில் வாயில் வருகிறது.

செல்விக்குப் புருஷன் இல்லை. செத்துப்போகவில்லை, எங்கேயோ போய்விட்டான். கொட்டிவாக்கத்தில் இருந்தவள், வாடகை கட்ட முடியாமல் பட்டினப்பாக்கம் குடியிருப்பில், விடியுமுன் எல்லாரும் வேலைக்குக் கிளம்பிவிடுகிற ஒரு சொந்தக்காரர் வீட்டு மூலையில் ஒண்டிக்கொண்டு மீன் வியாபாரம் செய்தாள். விடிவதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் காசிமேடு போய் மீன் எடுத்து வரவேண்டும். இரண்டு வயது தாண்டின தர்ஷினியை இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் ஐஸ் பெட்டி ஏற்றின வண்டி குழந்தையை உரசிக்கொண்டு போனதும் பயந்துவிட்டாள். யாரோ எங்கள் ஆபீஸைக் காட்டியிருக்கிறார்கள்.

அவள் வந்த அன்று நான் ஹோம் விசிட் போயிருந்தேன். எங்கள் கோஆர்டினேட்டர் சந்தானம் சாரிடம் அவள் கேட்டது இவ்வளவுதான்: “பாப்பாவ பாத்துக்க ஆள் இல்ல சார். ஒரு காப்பகம் இருந்தா சொல்லு.”

அவரும் சொல்லிவிட்டார். மறுநாள் விடிவதற்கு முன்பே குழந்தையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, டிபன் டப்பாவில் இட்லி வைத்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். சாயங்காலம் கூட்டிப்போக வந்தால், கேட்டைத் திறக்கவில்லை.

2. ஒரே பேரில் இரண்டு இடம்

சந்தானம் சார் கெட்டவர் இல்லை. வேலையில் அவ்வளவு கறார் மனிதரை நான் பார்த்ததில்லை. எங்களிடம் வருவதற்கு முன்னால் ஆதரவற்ற குழந்தைகள் தங்கிப் படிக்கிற விடுதிகளில்தான் அவர் முழுக்க வேலை பார்த்தவர். அவருக்குக் காப்பகம் என்றால் அது ஒன்றுதான். ஹோம். பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தை போய்ச் சேருகிற இடம்.

செல்விக்குக் காப்பகம் என்றால் வேறு. அடையாறிலும் மந்தைவெளியிலும் தெருவுக்குத் தெரு பலூன் படம் வரைந்து ‘குழந்தைகள் காப்பகம்’ என்று போர்டு தொங்குகிறதே, அது. காலையில் விடுவது, சாயங்காலம் அழைத்துப்போவது. படித்தவர்கள் அதை கிரஷ் என்பார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். யார் வைத்தார்களோ, அவர்களை ஒருநாள் என் எதிரில் உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க எனக்கு ஆசை.

“சார், என்ன சார் சொன்னீங்க நீங்க?” என்று கேட்டேன்.

“நல்ல ஹோம் மேடம் அது. லைசென்ஸ் உள்ளது. நானே போன் பண்ணி, சிங்கிள் மதர், சப்போர்ட் இல்ல, காப்பகம் கேக்கறாங்கன்னு சொன்னேன். உடனே எடுத்துக்கிட்டாங்க” என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஹோமுக்குப் போன் போட்டேன். வார்டன் பேச்சில் மரியாதை குறையவில்லை. “மேடம், அட்மிஷன் போட்டாச்சு. குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவலும் போயாச்சு. இனிமே கமிட்டி ஆர்டர் இல்லாம நான் குழந்தைய வெளிய அனுப்பினா என் வேலை போயிடும். அந்தம்மாவே ‘விட்டுட்டுப் போறேன்’னு வாயால சொன்னாங்க மேடம்.”

ஒரு டைப்பிஸ்ட் தப்பு, ஒரு பொய், ஒரு லஞ்சம், ஏதாவது இருந்திருந்தால் நான் யாரையாவது பிடித்து உலுக்கியிருப்பேன். எல்லாரும் ரூல்படிதான் நடந்திருக்கிறார்கள். எல்லாம் ரூல்படி நடந்து, ஒரு அம்மாவிடமிருந்து ஒரு குழந்தை போய்விட்டது.

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாளைக்காச்சும் குடுத்துருவாங்களா மேடம்?” என்றாள். நான் கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, கமிட்டி நம்பரைத் தேடினேன்.

3. கமிட்டி

மறுநாள் கமிட்டி முன்னால் நின்றோம். தலைவராக இருந்தவர் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்த அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“குழந்தைய விட்டுட்டுப் போறேன்னு நீங்களே சொன்னீங்களாமே?”

“ஆமா, சொன்னேன்” என்றாள் செல்வி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் நிறுத்தவில்லை. “விட்டுட்டுப் போனவன் என் புருஷன்மா. நான் விட்டுட்டு வேலைக்குப் போனேன். ரெண்டும் ஒண்ணா? கைல புள்ளைய வெச்சிக்கினு தலைல கூடைய வெச்சிக்கினு நீ ஒரு நாளு காசிமேட்டுக்கு வந்து பாரு, அப்புறம் கேளு.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

“தப்பு நடந்திருக்கு. எனக்குப் புரியுது” என்றார். “ஆனா நான் இன்னிக்கே அனுப்பறேன்னு வைங்க. நாளைக்கு விடியக்காலைல குழந்தைய யார் பாத்துப்பாங்க? மறுபடி அந்த வண்டிங்களுக்கு நடுவுலயா? அதுக்கு ஒரு ஏற்பாட்டோட வாங்க. வர்ற வாரம் ஆர்டர் போடறேன்.”

அவர் கேட்டது நியாயம்தான். நியாயமான கேள்வி என்பதாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். வெளியே கூட்டிவர நானும் சந்தானம் சாரும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

4. விடியலுக்கு முன் திறக்கும் கதவு

வழி சொல்வதே தொழிலாக இருந்தவள் நான். ஒரு வாரம் தேடினால் ஒரு இடம் கிடைக்காதா என்று நினைத்தேன். அந்த வாரம் என் கர்வத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டது.

அங்கன்வாடி டீச்சர் தங்கமான பெண். “கண்டிப்பா சேத்துக்கறேன் மேடம், சத்துமாவு, முட்டை எல்லாம் குடுப்போம். ஆனா நான் வந்து தொறக்கறதுக்கே வெயில் வந்துடும்” என்றாள்.

அடையாறில் ஒரு கிரஷ். ஏ.சி., கேமரா, வழுவழு தரை. முதல் கேள்வியே அம்மாவுக்கு எந்தக் கம்பெனி என்பதுதான். மீன் விற்கிறாள் என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு மாறவில்லை. “மத்த பேரன்ட்ஸ் ஏதாவது ஃபீல் பண்ணுவாங்க மேடம்” என்றாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு மாமியைக் கேட்டேன். “பாவம், அழைச்சுண்டு வரச் சொல்லுங்கோ. பணம்கூட வேண்டாம். ஆனா ராத்திரி மாத்திரை போட்டுண்டு படுத்தா விடிஞ்சப்பறம்தான் எனக்குக் கண்ணே தொறக்கறது. எங்காத்துல வாசல் கதவைத் தொறக்க வேற ஆள் கிடையாதே” என்று வருத்தப்பட்டார்.

தேடத் தேட எனக்கு ஒன்று விளங்கியது. விளங்கியபோது நடுத்தெருவில் நின்றுவிட்டேன். குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ள ஒரு போன் போதும், அன்றைக்கே கட்டில், தட்டு, துண்டு எல்லாம் தயார். அதே குழந்தையை நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க இந்த ஊரில் ஒரு கதவு திறக்காது.

கடைசியில் கதவு செல்வியின் எதிர்வீட்டிலேயே இருந்தது. பிலோமினா. சாயங்காலம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கிறவள், காலையில் வீட்டில்தான் இருப்பாள். விசாரிக்கப் போன என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செல்வியிடம் திரும்பினாள்.

“இன்னாடி நீ, எதிர்ல ஒருத்தி மலையாட்டம் குந்திக்கினு கீறேன், என்னாண்ட கேட்டியா?”

“புதுசா வந்தவ, எப்டிக்கா கேக்கறது? வெக்கமா இருந்திச்சி.”

“வெக்கத்த கொண்டுபோய் கடல்ல போடு. எங்க வரணும் சொல்லு மேடம், நானே வந்து சொல்றேன்” என்றாள். சொன்னபடி, சர்ச்சுக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு கமிட்டிக்கு வந்தாள். விடியக்காலை அவள் பொறுப்பு, வெயில் வந்ததும் அங்கன்வாடி, மீன் விற்று முடித்துச் செல்வி போய்க் கூட்டிவருவாள். ஸ்பான்சர்ஷிப் மனுவையும் சந்தானம் சார் தன் கையால் எழுதிக் கொடுத்தார். ஆர்டர் வந்தது.

5. வார்டன் சொன்னது

ஆர்டரோடு ஹோமுக்குப் போனோம். தர்ஷினி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளும் என்று நான் எதிர்பார்த்தேன். அது வார்டனின் புடவைக்குப் பின்னால் நின்று செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்வி கூப்பிடவில்லை, கிட்டேயும் போகவில்லை. தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையே நடந்துவந்து அவள் மடியில் ஏறி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை.

வார்டனுக்கும் கண் கலங்கிவிட்டது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை. “அன்னிக்குச் சாயந்திரம் இவங்க கேட் பக்கத்துல வந்து அழுதாங்களே, உங்களுக்குச் சந்தேகம் வரலையா?” என்று மட்டும் கேட்டேன்.

“எப்படி மேடம் வரும்? விட்ட அன்னிக்குச் சாயந்திரம் நிறைய அம்மாங்க வருவாங்க. கேட்டைப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க. பெத்த மனசு, தாங்காமத்தான் வராங்கன்னு நாங்க சமாதானம் சொல்லி அனுப்பிடுவோம்.”

சொல்லி முடித்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சந்தானம் சாரைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையாகத் தட்டு வைத்துக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. இதில் எத்தனை பேரின் அம்மா செல்வி மாதிரி வந்தவளோ?

புதிதாக வருகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். காப்பகம் என்ற சொல்லை வாங்கி அப்படியே அடுத்த போனில் சொல்லாதீர்கள். முதல் கேள்வியாக, ‘குழந்தை ராத்திரி எங்கே தூங்கணும்?’ என்று கேளுங்கள். அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

அந்தக் கேள்வியை முதன்முதலில் நான் கேட்டது அன்றைக்கே, அந்த ஹோமின் ஆபீஸ் அறையிலிருந்து. கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் அம்மாவுக்கு வார்டன் போன் போட்டுக் கொடுத்தார். தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், பிழைக்க வந்த திருநெல்வேலிப் பெண். பார்க்க விடுகிற நாள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் வந்து, அழுதுவிட்டுப் போகிறவளாம். கடையின் இரைச்சல் போனில் கேட்டது. என்னை யாரென்று சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“பையன் ராத்திரி எங்கம்மா தூங்கணும்?”

கடையின் இரைச்சல் குறைந்தது. எங்கேயோ ஒதுங்கி வந்திருக்க வேண்டும். மெல்லிய குரலில் சொன்னாள்.

“எங்கிட்டத்தாம்மா. குடுப்பியளா?”