சுடலைமாடத்தி சித்தி தூக்கிய தகரம்

என் சித்தி சுடலைமாடத்திக்குச் சொந்த ஊர் கான்சாபுரம். சித்தப்பா பட்டாளத்துக்குப் போய் பர்மாவில் காணாமல் போனதும், ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் நூல் சிட்டம் சுற்றப் போனாள். நான் அவள் வீட்டில் வளர்ந்தேன், அடி வாங்கியபடி. அஞ்சாங் கிளாஸோடு என் படிப்பை நிறுத்தியவளும் அவள்தான். "எழுத்து சோறு போடுமா?" என்றாள்.

நாற்பத்து நாலில், பங்குனி மாதம், கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்கச் செத்த நேரம் விடணும் என்று மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்றாள். அடுத்த வாரமே குமாஸ்தா வேதமணி ஒரு தாளை நீட்டி, "பஞ்சப்படிக்கு. பெருவிரலை வையி" என்றார். வைத்தாள். மறுநாள் கேட்டுக்குள் விடவில்லை. 'நானாகவே வேலையை விட்டு நிற்கிறேன்' என்று அந்தத் தாளில் இருந்ததாம்.

சித்தி அழவில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி நிமிர்த்தி, கம்பில் அடித்து, சுண்ணாம்புச் சட்டியோடு என் முன்னால் வைத்தாள்.

"ஏட்டி, என் வேலையத் திருப்பிக் குடுன்னு எழுது. பெருசா எழுது. கோணாம எழுது."

எழுத்து சோறு போடாது என்றவள் எழுத்தை அதிகாரம் பண்ணுகிறாளே என்று எனக்கு எரிச்சல். பெரிசாக, கோணாமல், 'இதைத் தூக்கி நிற்பவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

"அம்புட்டு நீளமாவா வரும்?"

"மரியாதையா எழுதினா நீளும் சித்தி."

காலைச் சங்கு ஊதும்போது ஆலைக்கு எதிரே தகரத்தைத் தூக்கி நின்றாள். போகிறவர்கள் வாசித்துச் சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டு அவள் இன்னும் உயரத் தூக்கினாள். அப்போதுதான் செய்த வினை எனக்கு உறைத்தது. நான் ஓடிப் பிடுங்குவதற்குள் வேதமணி வந்து உரக்க வாசித்தார்.

சித்தி என்னைப் பார்த்தாள். ஒரே பார்வைதான். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தார்.

"நெசந்தான அது?"

"நெசந்தான். நீயே ஊருக்குச் சொல்லுதியே."

"அப்ப நானே வேலைய விட்டேன்னு சொன்ன தாளை எனக்கு வாசிச்சுக் காட்டினது யாரு?"

சிரிப்பு நின்றது. அவளோடு சிட்டம் சுற்றுகிற இருளம்மாள், உள்ளே போகக் காலெடுத்தவள், தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். வந்து சித்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். "எங்கிட்டயும் ஒரு தாள்ல ரேகை வாங்கினீக. அதுல என்ன இருக்கு?"

அன்று சிட்டம் சுற்ற ஒருத்தியும் உள்ளே போகவில்லை. மறுநாளைக்கு நாலு தகரம் எழுதினேன், அதற்கடுத்த நாள் இன்னும் நிறைய. எல்லாத்திலும் அதே வாசகம். அவர்கள் கேட்டதே அதைத்தான்.

நாலாம் நாள் சித்தியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்; என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வேதமணி புதுத்தாளை நீட்டினார். சித்தி பெருவிரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு என்னை முன்னால் தள்ளினாள்.

"ஏட்டி, வாசி. வெளையாடாம வாசி."

வேலை திரும்பக் கிடைக்கிறது என்றுதான் இருந்தது. ஆனால் மூணாவது வரியில், 'நான் செய்த தவறை மன்னித்து' என்றிருந்தது. அதையும் வாசித்தேன்.

"அந்த வரிய அடிங்க."

வேதமணி ஜன்னல் வழியே பார்த்தார். இருபது பேர் தகரத்தோடு நின்றார்கள். அடித்தார். நான் சரிபார்த்துத் தலையாட்டிய பொறகுதான் சித்தி விரலை வைத்தாள்.

வெளியே வந்ததும் என் முதுகில் ரெண்டு போட்டாள். தகரத்தில் எழுதினதுக்கு. மை காயாத பெருவிரல் சட்டையில் பதிந்துவிட்டது. அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.