வால்வைத் திறக்கப் போன வெங்கட்ராமன்

வெங்கட்ராமன் போய்விட்டார் என்று மாட்டுங்கா ஸ்டேஷனில் சொன்னார்கள். சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. "பைப்புத் தண்ணி குடிச்சுதான் போயிட்டாராம்" என்றார். பிணம் வாசலுக்கு வருமுன் புளுகு வந்துவிட்டது.

அவர் பம்பாய் கார்ப்பரேஷன் தண்ணீர் இலாகாவில் ஓவர்சியர். நான் பக்கத்து மேஜை. தலையில் கல் பட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்பது மாட்டுங்காத் தமிழர்களான உங்கள் எல்லாருக்கும் தெரியும். கல் ஏன் வந்தது என்பதைத்தான் பேசமாட்டேன் என்கிறீர்கள்.

கலவர நாட்களில் நம்மவர் ஒருவர் ஆபீஸ் டைப்ரைட்டரில், குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று இங்கிலீஷில் அடித்து, எங்கள் கட்டடத்தில் மாடிக்கொரு கார்பன் காப்பி ஒட்டினார். "நான்தான் முதல்ல எச்சரிச்சேன்" என்று பெருமை வேறு. வாயால் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். டைப் அடித்த காகிதமாயிற்றே, நம்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தாராவி முழுக்க அதே பேச்சு.

வெங்கட்ராமன் வீடு வீடாக ஏறி, சோதித்துப் பார்த்தாயிற்று, தண்ணீர் சுத்தம் என்று சொன்னார். நானும் கூடப் போனேன். பி.ஏ. படித்த ஒருவர், "நீங்க கார்ப்பரேஷன் சம்பளம் வாங்கறேள், வேற எப்படிச் சொல்லுவேள்?" என்றார். "என் ஆத்துலயும் அதே பைப்புதான் ஓய். என் குழந்தைகளும் அதைத்தான் குடிக்கறதுகள்" என்றார் இவர். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுநாள் தாராவி ஓரத்தில் கூட்டம் கூடி வால்வை மூடிவிட்டது. விஷத்தைத் தடுக்கிறார்களாம். ஆஸ்பத்திரிக்கும் அந்தக் குழாய்தான். பிரசவ வார்டில் கை கழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று நர்ஸ் போன் செய்தாள். போலீஸ் வரட்டும் என்றேன்.

"அதுவரைக்கும் பிள்ளை பொறக்காம காத்துண்டிருக்குமா?" என்று கிளம்பிவிட்டார்.

"எங்க புள்ளையள கொல்லுததுக்கா வே வந்தீரு?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். இவர் குனிந்து வால்வைத் திறந்தார். நிமிரும்போது கல் விழுந்தது. வார்டுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

படுக்கையில் என்னிடம் சொன்னார்: "கல்லெறிஞ்சவன் மேல கோபமில்லை ஓய். அவன் குழந்தைக்காகப் பயந்து எறிஞ்சான். பயமுறுத்தினவன் ஆத்துல காபி குடிச்சுண்டிருந்தான்."

அந்த வார்த்தையை நான் வைத்துக்கொள்கிறேன். அவருடைய பொறுமை எனக்கு வராது, வரவும் வேண்டாம். அவர் உடலுக்கு முதல் மாலை போட்டவர் அந்த டைப் அடித்த மகானுபாவர்தான். "எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்று என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன். மயானத்திலிருந்து திரும்பியதும் கட்டடத்து வாசல் குழாயில் குளித்தார். பிறகு தாகமாக இருக்கிறது என்று அதே தண்ணீரை இரண்டு கை பிடித்துக் குடித்தார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.