அண்ணியின் ஆயின்மென்ட்

கார்த்திகை தீபத்துக்கு முன்தினம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி ஆறு மாதக் கர்ப்பிணி. முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். மசக்கை இன்னும் விடவில்லை என்று நினைத்தேன். புடவையைச் சற்று உயர்த்திக் காலைக் காட்டினாள்... சொறிந்து சொறிந்து முழங்கால்வரை சிவந்து வெடித்திருந்தது.

கரப்பான் என்கிற இந்தத் தோல் அரிப்பு அவளுக்குப் பழைய தொல்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஆயின்மென்ட்டைப் பூசினால் அடங்கிவிடும். பிறகு ஏன் பூசவில்லை?

அது ஸ்டீராய்டாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம் - பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ட்யூப் பரணுக்குப் போய்விட்டது. ஏற்கெனவே ஒரு கரு தங்காமல் போனவள். அவளிடம் யார் வாதாடுவது?

அண்ணன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் ஊரை அதட்டுகிறவன், வீட்டில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"எனக்கு அரிச்சா அரிச்சிட்டுப் போவட்டும். கொழந்தைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது" என்றாள் அண்ணி.

ஒருவழியாக டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர் ட்யூபை வாங்கிப் பார்த்தார். இது வீரியம் கம்மியானது. அரிக்கிற இடத்தில் மட்டும், மெல்லிசாக, கொஞ்ச நாள் பூசலாம் என்றார். வீரியமான மருந்தை உடம்பெல்லாம், மாதக்கணக்கில் பூசுவதுதான் ஆபத்து. கடையில் நீயாக எதையும் கேட்டு வாங்காதே என்றும் சொன்னார்.

அண்ணி திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டரம்மா கோபிக்கவில்லை.

"நீ தூங்காம, சாப்பிடாம கெடக்கறியே... அது மட்டும் கொழந்தைக்கு நல்லதாம்மா?"

அண்ணி அழுதுவிட்டாள்.

பயப்படுகிறவர்களிடம் 'பயப்படாதே' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எதற்கு, எவ்வளவு பயப்பட வேண்டும் என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சரி, பூச வேண்டுமே! குனிந்தால் வயிறு இடிக்கிறது. அண்ணன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான். அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கூடத்தில் அம்மா இருந்தாள். அண்ணி வெட்கத்தில் காலை இழுத்தாள்.

"அத்தை பாக்கறாங்க..."

"பாக்கட்டும். ஆட்டாத, மருந்து ஜாஸ்தி ஆயிடும்."

அம்மா பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா மருந்தை நிறுத்தச் சொன்னார். அண்ணன் தேங்காய் எண்ணெய்க்கு மாறினான்.

போன வாரம் பெண் பிறந்தாள். கொழுகொழுவென்று இருக்கிறாள். பார்க்கப் போனபோது அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு அண்ணியின் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

கரப்பான் போய்விட்டது... பழக்கம் போகவில்லை!