அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, அக்காவின் நண்பர்களே, அக்கா மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. சாப்பாடு தயாராவதற்குள் இதைப் படித்துவிடலாம். அக்காவின் பொறுமையைப் பற்றி மற்றப் பக்கங்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். தங்கையான எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அக்கா பனவடலிசத்திரத்தில் பிறந்தார்கள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் தொட்டிலில் கிடக்கும்போதே அப்பா தவறிவிட்டார்கள். அம்மா சங்கரன்கோவில் மார்க்கெட்டில் பூக் கட்டிக் கொடுத்து எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார்கள். மூத்தவரான அக்கா ஆஸ்பத்திரி ஆயா வேலை பழகிக்கொண்டு, மும்பை தாராவியில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அண்ணனும் நானும் படித்தது அக்கா அனுப்பியதில்தான்.

அது யூதர்களின் இல்லம். யூதப் பெண்கள் சங்கம் வைத்து நடத்தியது. அண்ணன் திருத்திக் கொடுத்த பிரதியில் இது ‘மும்பையில் ஒரு தொண்டு நிறுவனம்’ என்று ஆகியிருந்தது. யூதர் என்று போட்டால் நம் திருச்சபையில் ஏதாவது நினைப்பார்களாம். நான் அச்சகத்துக்கே போய் நின்று அந்த வார்த்தையைத் திரும்பப் போட வைத்தேன். நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தச் சங்கத்தின் கதையை அக்கா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். கொங்கணக் கடற்கரையில் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்களாம். வீட்டில் மராத்திதான் பேசுவார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், செக்கு ஓடாது, அதனால் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே ஊரில் பெயர். பிழைப்புக்காக மும்பை வந்த இடத்தில், கணவனை இழந்த பெண்கள் திண்டாடுவதைப் பார்த்து, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டிருக்கிறார்கள். சங்கம் பிறந்தது அங்கேதான். உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைப்பார்கள். நம் சபையிலும் பிடி அரிசி எடுக்கிறோம், ஆனால் அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. அவர்களுடையது கஞ்சியானது, பிள்ளைகளுக்கு மருந்தானது. பிறகு இஸ்ரேல் என்று ஒரு நாடு உண்டாகி, குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போனார்கள். போக முடியாத முதியவர்கள் மிஞ்சினார்கள். அவர்களுக்காகச் சங்கம் தொடங்கியதுதான் அக்கா வேலை பார்த்த இல்லம்.

சித்தி இறந்து, சித்தப்பாவும் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவரை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அக்கா ஊர்ப்பக்கம் இருந்த ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக்கும் போன் போட்டார்கள். வாசுதேவநல்லூர் வீட்டில் இடமில்லை. சிவகிரி வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நான் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். யூதரல்லாத ஒருவரை அந்த இல்லம் அதுவரை சேர்த்ததே இல்லை. சங்கத்துப் பெண்கள் கூடி வாக்குவாதம் பண்ணியிருக்கிறார்கள். கடைசியில் தலைவி அம்மாள், நம் பாட்டிமார் அரிசி எடுத்து வைத்தது பசிக்கு, மதத்துக்கு அல்ல என்று சொல்லிச் சித்தப்பாவுக்குக் கட்டில் போடச் சொல்லிவிட்டார்களாம். இந்தப் பந்தலில் இருப்பவர்களில் பாதிப்பேருக்குச் சித்தப்பா இரத்த சொந்தம். கடைசிவரை அவருக்குச் சோறு ஊட்டியது யூதர்கள். அவர் இறந்தபோது போதகரை வரவழைத்து, கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் பண்ணியதும் அவர்கள்தான். நம் ஆட்கள் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை, பாவம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி உடுத்தி, சாதா மரப்பெட்டியில் சீக்கிரமே அடக்கம் பண்ணுவார்கள். அதுவரை ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதப் புத்தகம் வாசிப்பார்கள். நம் பைபிளில் இருக்கிற அதே சங்கீதங்கள்தான். சித்தப்பாவுக்கும் அப்படி உட்கார்ந்தார்கள். ஆட்கள் குறையக் குறைய, அவர்களில் பலருக்கு அக்கா உட்கார்ந்தார்கள்.

அக்கா வேலையிலிருந்து நின்று, சங்கரன்கோவிலில் என்னோடு வந்து இருந்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், அண்ணனையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார்கள்:

“செத்த அன்னைக்கே மண்ணுல வச்சிருங்க. பூவப் போட்டு மூடாதீக. குழிக்குப் போற வரைக்கும் என்னை ஒத்தையில விட்டுராதீக, மக்கா.”

வேறெதுவும் அக்கா எங்களிடம் கேட்டதில்லை. அண்ணன் சரி சரி என்று தலையாட்டினார்.

ஒரு காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர்கள் எழவில்லை. நான் அழுது முடிப்பதற்குள் ஐஸ் பெட்டி வந்து இறங்கிவிட்டது. துபாயிலிருந்து அண்ணன் மகன் வரவேண்டுமாம், மறுநாள் சாயங்காலம்தான் அடக்கமாம். நான் கத்தினேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. தெருமுனையில் வைத்த பேனரில் அக்காவின் முகத்தைவிட அண்ணன் குடும்பத்தின் முகங்கள் பெரிதாக இருந்தன. மார்க்கெட்டில் இருந்த மாலையெல்லாம் வந்து கண்ணாடிமேல் ஏறி, அக்காவின் முகமே தெரியவில்லை. எடுத்து எடுத்துக் கீழே போட்டேன், மறுபடி போட்டார்கள். அன்று முழுக்க நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாள் ரிபெக்கா வந்தாள். அவளுடைய அம்மா அந்த இல்லத்தில் இருந்தவர்கள். அக்காவிடமே தமிழ் பழகிய அவள்தான் இப்போது சங்கத்தின் செயலாளர். மதுரைவரை விமானத்தில் வந்து, பஸ் பிடித்துச் சங்கரன்கோவிலில் இறங்கினாள். கூட்டிவரப் போகும்போது, அண்ணன் மனைவியிடம், மைனி, நான் வரும்வரை பக்கத்தில் இருங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் கூடத்தில் ஒருவருமில்லை. ஐஸ் பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்திருக்கிறது. மைனி உட்பட அத்தனை பேரும் கொல்லைப்புறத்தில் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். ரிபெக்கா என்னைப் பார்த்தாள்.

“அக்கா ஒத்தையில கெடக்காகளே. நீங்கள்லாம் எங்க போனீக?”

நேரே கொல்லைக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன். கையில் எடுத்த சோற்றைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

“நாங்க சாப்பிட்டு வாரதுக்குள்ள அக்காவ யாரும் தூக்கிட்டா போயிருவாக?”

உள்ளே வந்தேன். ரிபெக்கா மாலைகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, சங்கீதப் புத்தகத்தை விரித்திருந்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கம்வரை வாசித்தாள். துபாய் மகன் வந்து பெட்டிமுன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

நன்றி சொல்லி முடிப்பது முறை. பந்தல் போட்டவருக்கும், குழி வெட்டியவருக்கும், நாடி பார்க்க வீட்டுக்கே வந்த டாக்டருக்கும் நன்றி. யூதர் சங்கத்துக்கு, சித்தப்பாவுக்காகவும் சேர்த்து, நன்றி. ரிபெக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வேறு யாருக்கும் நான் கடமைப்பட்டிருக்கவில்லை.

இன்றைக்கும் சாப்பிடக் கூப்பிடுவார்கள், நீங்களும் எழுந்து போவீர்கள். கூடத்தில் அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உங்களில் யாராவது ஒருவர் வந்து உட்காருங்கள் பார்ப்போம். யாரும் வராவிட்டால் நான் இருக்கிறேன். எனக்குப் பசியில்லை.