எந்த முடிவு செல்லும்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை. இருவரும் விடுப்பு எடுத்திருந்தோம். விடியுமுன் எழுந்து வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். நிலைக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டினேன். பிறகு ஈசூனிலிருந்து ரயிலேறித் தேக்கா சந்தைக்குப் போய்ப் பொரி, அவல், கடலை, வாழைப்பழம், கதம்பம் வாங்கினேன்.

பொரி கட்டிக் கொடுத்த கடைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் கேட்பதையே கேட்டார்.

“என்னக்கா, வீட்ல ரெண்டே பேரு. இவ்ளோ பொரியா?”

“ஆளு ரெண்டுதான் அண்ணே. சாமான் நெறைய.”

“அப்ப சாமானுக்குப் பசிக்கும் லா,” என்று ஒரு கை கூடுதலாகப் போட்டார்.

வீடு திரும்பியபோது என் கணவர் சரஸ்வதி படத்தின் முன் வெள்ளைத் துணி விரித்திருந்தார். அவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். திருகு சாவிகள், மின்மானி, கைவிளக்கு எல்லாம் துடைக்கப்பட்டு வரிசையாக இருந்தன. நான் தெம்பனிஸில் ஓர் ஆய்வகத்தில் தராசுகளைச் சரிபார்க்கிறேன். எடைக்கற்களை எடுக்கும் என் இடுக்கியை அவற்றின் பக்கத்தில் வைத்தேன். பிறகு அவர் வழக்கம்போல வீடியோ கேம் விளையாடும் கட்டுப்படுத்தியைக் கொண்டுவந்தார். அதன் அருகே, கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காத புது விளையாட்டு வட்டு ஒன்றை வைத்தார். கடைசியாகத் தன் கைப்பேசியையும் வைத்துச் சந்தனம் தொட்டார்.

“போனை எதுக்குங்க வைக்கிறீங்க?”

“எல்லா வேலையும் அதுலதானே பாக்குறேன். அதுவும் ஆயுதம்தான்.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். காரணம் எனக்குத் தெரியும். அன்று மருத்துவமனையிலிருந்து அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பல ஆண்டுச் சிகிச்சைக்குப் பிறகு எங்களுடைய கரு ஒன்று மட்டும் அங்கே உறைநிலையில் இருந்தது. அதை மேலும் வைத்திருப்பதா, விட்டுவிடுவதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். கடைசி முயற்சியும் தோற்ற பிறகு, போதும் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. அந்த ஒரு நாளை அவர் அப்படி வாங்கிக்கொண்டார்.

அந்த விளையாட்டின் முதல் பாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவில் ஒரு கலங்கரை விளக்கம். அதைக் காக்கும் கணவனும் மனைவியும். நாம் செய்யும் சின்னச் சின்னத் தேர்வுகளைப் பொறுத்துக் கதை வெவ்வேறாக முடியும். ஒரு முடிவில் அவர்கள் கப்பலேறிப் போய்விடுவார்கள். ஒன்றில் இருவரும் தனியாகவே மூப்படைவார்கள். கிடைக்க அரிதான முடிவில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, படியேறிப் போய் விளக்கை ஏற்றுவாள். ஊசி போட்ட வயிற்றில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு நான் சோபாவில் சாய்ந்திருப்பேன். எந்தப் பக்கம் போவது என்று நான் சொல்ல, அவர் பொத்தானை அழுத்துவார். பலமுறை தவறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் விளக்கை ஏற்றினாள். அதன்பிறகு அவர் அவளை “நம்ம பொண்ணு” என்றுதான் சொன்னார்.

இப்போது இரண்டாம் பாகம் வந்துவிட்டது; பூஜையில் வைத்த வட்டு அதுதான். பல முடிவுகளில் எதைத் தங்கள் கதையாக ஏற்கிறோம் என்பதைத் தயாரித்தவர்கள் அதிலேயே காட்டிவிட்டார்கள். பூட்டிய கலங்கரை விளக்கம். வாசலில் இரண்டு நாற்காலிகள். மூன்றாவது இல்லை. முந்தைய நாள் மதிய இடைவேளையில் இதைப் படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

படையல் முடிந்து சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அது துணிமேல் அதிர்ந்து நகர்ந்து பொரித்தட்டில் முட்டியது. பொரிகள் குதித்தன.

“எடுங்க.”

“பூஜையில வச்சது மா.”

“சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா. எடுங்க.”

அவர் எழவில்லை. நானும் எழவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. சிதறிய பொரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார். பிறகு புது வட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீயும் படிச்சிட்டியா?”

“ம்.”

“நான் இதை வாங்கிட்டு வர்றப்ப ரயில்லதான் படிச்சேன். அவ இல்லவே இல்ல.”

“நாம பாத்தோம்ல? அவ ஏறிப் போய் ஏத்தினா. நீங்க அழுதீங்க.”

“அது நாம பாத்தது. அடுத்த கதை எதுலேருந்து தொடங்குதோ, அதான் மா நடந்தது.”

“கம்பெனிக்காரன் சொன்னா ஆச்சா?”

“செஞ்சவன் அவன்தானே.”

ஆய்வகத்தில் என் வேலையே அதுதான். ஒரு தராசு தன்னளவில் எவ்வளவு ஒழுங்காகக் காட்டினாலும், அளவுக்கு ஆதாரமான நியம எடைக்கல்லோடு ஒத்துப்போகாவிட்டால் அது காட்டியது செல்லாது என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன். கொண்டுவந்தவர் கெஞ்சினாலும் மாற்ற மாட்டேன். அன்று கெஞ்சியது நான்.

“வேணும்னா இன்னும் ஒரு வருஷம் வச்சிருக்கச் சொல்லுவோம்,” என்றேன். போதும் என்று சொன்னவள் நான்தான். இருந்தும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல வரவில்லை.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “இன்னொரு எண்டிங் இருக்கு, இன்னொரு எண்டிங் இருக்குன்னு எத்தனை தடவை மா உனக்கு ஊசி போடுறது?”

சுண்டலை இருவரும் தொடவில்லை. ஊசிப்போகும் என்று சாயங்காலம் மூடி எடுத்து வைத்தேன். டிவியை அவர் போடவில்லை. அதன் கறுப்புத் திரையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எழுந்து விளக்கை அணைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டியதும், பூஜையில் இருந்த கருவியை எடுத்து எதையாவது தொடங்க வேண்டும். கட்டுப்படுத்தியையும் வட்டையும் அவர் தொடவில்லை. கைப்பேசியை எடுத்தார். காப்பி வேண்டாம் என்றார். மருத்துவமனை திறக்கும் நேரம்வரை அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு அழைத்தார். எங்கள் பெயர்களைச் சொன்னார். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

“உன் வாயாலயும் சொல்லணுமாம்.”

கைப்பேசியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. துடைக்காமலே காதில் வைத்து, நானும் சொன்னேன்.