பெயிண்ட்கடை அம்மா விட்ட வழி

பெயிண்ட்கடை அம்மாவுக்குக் கோபம் வந்தால் தெருவே வாயை மூடிக்கொள்ளும். அப்படி ஒரு கோபத்தில்தான் கடையை ஒட்டிய சந்தை அடைத்து ஒரு சுவரை எழுப்பினாள். சந்து அவளுடைய சொந்த நிலம். ரயில் நிலையத்துக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் அதில் புகுந்து, அடுக்கிவைத்த டப்பாக்களைத் தட்டிவிட்டு, கேட்டால் முறைத்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பிறகு வந்தது நகரத் திட்ட அலுவலகத்தின் புது விதி. நிலையத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் மேலே மூன்று மாடி கட்டிக்கொள்ளலாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் முட்டிவலி, முதுகுவலிக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். வாடகை அறைகளில் மாறி மாறி அல்லாடுகிறவள். மாடி வந்தால் அவளுக்கென்று ஒரு கிளினிக். கடைவாசலில் நின்றாலே நிலையத்தின் கூரை தெரிகிறதே, அப்புறம் என்ன சந்தேகம்!

அளக்க வந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "ஜனங்க நடந்து வர்ற தூரத்தைத்தாம்மா எடுப்போம். உங்க சுவரைச் சுத்திக்கிட்டு வந்தா ஒரு கிலோமீட்டருக்கு மேல ஆகுது."

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. பெற்ற மகளைப்போல் பார்க்கிற மருமகளின் பிழைப்பில் தன் கையாலேயே மண்ணைப் போட்டாயிற்றே!

"சுவரை இடிச்சுட்டா?"

"அது மட்டும் போதாதும்மா. சந்தைப் பொதுவழின்னு எழுதிக் குடுக்கணும். அப்புறம் அது உங்களுது இல்ல."

அந்த வரிசைக் கடைக்காரர்கள் எல்லோருக்குமே மாடி கட்ட அவளுடைய சந்துதான் கதி. கூடிப் பேசினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மெல்ல ஒரு யோசனையை அவிழ்த்துவிட்டார். "ஒரு கேட்டைப் போட்டுக்கலாம்க்கா. ஆபீசர் வர்றப்ப மட்டும் திறந்து வெச்சா வேலை முடிஞ்சுது."

"நல்லா இருக்கே! நாம மாடி கட்டறதுக்கு வழி, ஜனங்க நடக்கறதுக்குப் பூட்டா? வெக்கமா இல்ல? குடுக்கறதுன்னா முழுசா குடுக்கணும்."

மருமகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக நிலத்தை விடாதீங்க அத்தை. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"நீ சமாளிச்ச வரைக்கும் போதும். பேசாம இரு."

எழுதியே கொடுத்துவிட்டாள், மகராசி. சுவரில் முதல் அடியையும் அவளே போட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் செங்கல் பொறுக்க வந்தார்.

கட்டடம் எழும்பியது. கிளினிக் திறந்த அன்று காலையில் அம்மா சந்தின் நடுவில் நின்றுகொண்டு, மேலே மருமகளின் பெயர்ப்பலகையை வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலைப் பிடிக்க ஓடிவந்த ஒரு பெண் அவள்மேல் மோதி எரிந்து விழுந்தாள்.

"வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, இது என்ன உங்க அப்பன் வீட்டு இடமா?"

கடைவாசலில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். யாரைப் பார்த்து என்ன கேட்டுவிட்டாள்!

அம்மா திரும்பினாள். "இல்லம்மா, உன் இடம்தான். போ போ, ரயிலை விட்டுடாதே" என்று சொல்லி, கடையோரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.