கம்பிக்கு அடியில் கட்டிய வீடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் திருத்தணியில் என் விசைத்தறிக் கொட்டகையைத் தெரியாதவர் கிடையாது. உயரழுத்த மின்கம்பி போகிறதென்று எல்லோரும் பயந்து ஒதுங்கிய மனையில் துணிந்து வீடு கட்டினேன். வருகிறவர்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், ட்யூப்லைட்டை வெறும் கையில் கம்பிக்கு நேராகப் பிடித்து, ஒயர் இல்லாமலே எரியவைத்துக் காட்டுவேன். "கரண்டே என் பேச்சைக் கேக்கும், பாத்துக்குங்க" என்பேன்.

போன மாதம், தறியில் அறுந்த பாவு இழையை முடியப் போனேன். பார்க்காமலே ஆயுசு முழுக்கப் போட்ட முடிச்சு. விரல்களுக்கு வழி தெரியவில்லை. மின்கம்பியின் காந்தப்புலத்தால் மறதி நோய் வருமா என்று ஆராய்கிறார்கள் என டிவியில் கேட்டது நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் ஓடினேன்.

"கம்பியாலதான்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. வயசும் காரணமா இருக்கலாம்" என்றார்.

அது இன்னும் பயமாக இருந்தது. தலைக்கு மேல் கம்பி உறுமும்போதெல்லாம், யாரோ என் மூளையிலிருந்து நூலை உருவுவது போலிருந்தது.

நேற்று மதியம், கம்பியை விட்டுத் தள்ளியிருக்கும் பின்னறைக்குப் படுக்கையை மாற்றிவிட நினைத்துக் கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து நின்றாள்.

"இன்னாய்யா பண்ணிகினு இருக்கே?"

"பின்னறையில காத்து நல்லா வருது. அங்க போட்டுக்கறேன்."

"காலையிலயே பின்னறைக்குக் கொண்டாந்துட்டியே! இப்ப திரும்பவும் முன்னறைக்கு இல்ல இழுத்துகினு போறே?"

கட்டில் வாசற்படியில் பாதியில் நின்றது. எந்தப் பக்கம் இழுப்பது என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.